இஃப் ஐ வேர் யூ: ஆங்கில வினையின் 'மூட்' படிப்படியாக

ஆங்கிலம் படிக்கத் தொடங்கியதும் டென்ஸைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். பன்னிரண்டு கட்டம் போட்டு எழுதி மனப்பாடமும் செய்துவிடுவோம். அதற்குப் பிறகும் சில வாக்கியங்கள் அந்தக் கட்டங்களில் எதிலும் அடங்காமல் நிற்கும். "இஃப் ஐ வேர் யூ" என்பதில் "ஐ"யுடன் "வாஸ்" வராமல் "வேர்" ஏன் வருகிறது? "த டாக்டர் சஜஸ்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்" என்பதில் "ஹி"க்குப் பிறகு "டேக்ஸ்" இல்லை, "டுக்" இல்லை, வெறும் "டேக்" இருக்கிறது. "காட் சேவ் த கிங்" என்பதில் "சேவ்ஸ்" இல்லை. மூன்றுமே பிழையில்லாத ஆங்கிலம்.

இவற்றை விளங்கிக்கொள்ள டென்ஸ் போதாது, மூட் தெரிய வேண்டும். டென்ஸ் காலத்தைக் காட்டும். பேசுகிறவர் ஒரு செய்தியைச் சொல்கிறாரா, ஒருவரை ஏவுகிறாரா, ஒன்று நடக்க வேண்டும் என்கிறாரா, இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துப் பார்க்கிறாரா என்பதை மூட் காட்டும். முதல் வகை இண்டிகேட்டிவ். இரண்டாவது இம்பெரடிவ். மீதி இரண்டும் சேர்ந்தது சப்ஜங்டிவ்.

சில பழைய இலக்கண நூல்களில் ஐந்து மூட் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லிண்ட்லி முர்ரே 1795-இல் வெளியிட்ட இலக்கணத்தில் பொடென்ஷியல், இன்ஃபினிடிவ் என்று இன்னும் இரண்டு உண்டு. "கேன்", "மே", "மஸ்ட்" சேர்ந்து வருவதை அவர் பொடென்ஷியல் என்றார். இன்றைக்கு அவற்றை மோடல் வினைகள் என்று தனியாகப் படிக்கிறோம். எனவே மூன்று போதும்.

படி 1: வினையின் வெறும் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்த விகுதியும் சேராத வடிவத்தைத்தான் வெறும் வடிவம் என்கிறேன். "கோ", "டேக்", "ரைட்", "சேவ்" எல்லாம் அப்படிப்பட்டவை. நிகழ்காலத்தில் "ஹி", "ஷி", "இட்" வந்தால் கடைசியில் ஒரு "ஸ்" ஒட்டும்: "ஹி கோஸ்", "ஷி டேக்ஸ்". மற்ற இடங்களில் வெறும் வடிவமும் நிகழ்கால வடிவமும் பார்க்க ஒன்றுதான்.

ஒரே ஒரு வினை மட்டும் விலகி நிற்கிறது. "ஆம்", "இஸ்", "ஆர்" என்பவை அதன் நிகழ்காலம். "வாஸ்", "வேர்" இறந்தகாலம். வெறும் வடிவம் "பி". மூட் பற்றிப் படிக்கும்போது இந்த "பி"தான் உங்களுக்குப் பெரிய துணை, ஏனென்றால் மற்ற வினைகளில் மறைந்திருக்கும் வித்தியாசம் இதில் வெளிப்படையாகத் தெரியும்.

மறைந்திருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் சப்ஜங்டிவ் வினைக்குத் தனி விகுதிகள் இருந்தன. பிறகு சொல்லின் இறுதி ஒலிகள் மெல்ல மெல்லத் தேய்ந்து உதிர்ந்தன. விகுதி போனதும் வடிவங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே அடையாளங்கள்: "ஸ்" ஒட்டாத வினை, "இஸ்" வர வேண்டிய இடத்தில் "பி", "வாஸ்" வர வேண்டிய இடத்தில் "வேர்". இந்த மூன்றையும் கண் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: இண்டிகேட்டிவ்

இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. நீங்கள் இதுவரை டென்ஸ் என்று படித்ததெல்லாம் இதுதான். "த பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்", "ஷி டிட் நாட் கால் மீ", "வேர் டூ யூ லிவ்?" எல்லாமே இண்டிகேட்டிவ். செய்தி சொன்னாலும் கேள்வி கேட்டாலும் இதே மூட்தான். சொல்லும் செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. "த சன் கோஸ் ரவுண்ட் தி எர்த்" என்று தப்பாகச் சொன்னாலும் அது இண்டிகேட்டிவ். உண்மை என்ற தோரணையில் சொல்லப்படுகிறதா என்பதே கணக்கு.

படி 3: இம்பெரடிவ்

வெறும் வடிவத்தை எடுங்கள், முன்னால் எதையும் போடாதீர்கள். இம்பெரடிவ் தயார். "சிட் டவுன்." "க்ளோஸ் த டோர்." "பி கேர்ஃபுல்." கடைசி வாக்கியத்தில் "ஆர் கேர்ஃபுல்" என்று ஒருபோதும் வராது.

தமிழ் இலக்கணத்தில் ஏவல் வினை முன்னிலைக்கு மட்டுமே உரியது என்று படித்திருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான். "யூ" சொல்லப்படாமலே உள்ளே இருக்கிறது. ஒருவரைத் தனியாகச் சுட்ட வேண்டியிருந்தால் அதை வெளியே கொண்டுவரலாம்: "யூ சிட் ஹியர், அண்ட் யூ ஸ்டாண்ட் தேர்." விபத்து நடந்த இடத்தில் "சம்படி கால் எ டாக்டர்!" என்று கத்துவார்கள். "சம்படி" ஒருமைதானே, "கால்ஸ்" என்று வர வேண்டாமா என்று தோன்றும். அங்கே இருப்பவர்களில் ஒருவரை ஏவுவதால் வெறும் "கால்" வருகிறது. "சம்படி கால்ஸ் எ டாக்டர்" என்றால் யாரோ டாக்டரைக் கூப்பிடுகிறார் என்ற செய்தியாகிவிடும்.

வேண்டாம் என்று சொல்ல "டோன்ட்" போதும். "டோன்ட் டச் த வயர்." "டோன்ட் பி லேட்." இரண்டாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். செய்தி வாக்கியத்தில் இந்த வினையோடு "டூ" சேரவே சேராது. "யூ ஆர் நாட் லேட்" என்போமே தவிர "யூ டோன்ட் ஆர் லேட்" என்று யாரும் சொல்வதில்லை. இம்பெரடிவில் மட்டும் "டோன்ட் பி" வருகிறது.

நம்மையும் சேர்த்துச் சொல்ல "லெட்ஸ்" உண்டு. "லெட்ஸ் கோ" என்றால் போகலாம் வாருங்கள். "லெட்ஸ் நாட் கோ" என்றால் போக வேண்டாம். இதையே "லெட் அஸ் கோ" என்று பிரித்துச் சொன்னால் எங்களைப் போக விடுங்கள் என்ற பொருளும் வந்துவிடும். பேசும்போது சுருக்கிச் சொல்வதே தெளிவு.

தமிழர்களாகிய நாம் இங்கே ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "வா" வேறு, "வாங்க" வேறு. மரியாதை வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில "கம்" என்பதில் அந்த வசதி கிடையாது. எனவே மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் "சென்ட் மீ த ஃபைல்" என்று எழுதினால் "ஃபைலை அனுப்பு" என்றுதான் காதில் விழும். "ப்ளீஸ்" சேர்த்தால் கொஞ்சம் மென்மையாகும், ஆனாலும் அது ஏவல்தான். "குட் யூ சென்ட் மீ த ஃபைல்?" என்று கேள்வியாக மாற்றினால்தான் நம்முடைய "அனுப்புறீங்களா?" என்பதற்குச் சமமாகும். மூடையே மாற்றி மரியாதையைக் கொண்டுவருகிறோம்.

இம்பெரடிவ் என்றாலே அதட்டல் என்றும் எண்ண வேண்டாம். சமையல் குறிப்பில் "ஆட் சால்ட்", மருந்துச் சீட்டில் "டேக் ஒன் டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்", லண்டன் சுரங்க ரயிலில் 1968-இலிருந்து ஒலிக்கும் "மைண்ட் த கேப்" எல்லாம் இதே மூட்தான். "கெட் வெல் சூன்", "ஹேவ் எ நைஸ் டே" என்று வாழ்த்துவதும் இதில்தான்.

படி 4: சப்ஜங்டிவ், முதல் பாதி. நடக்க வேண்டும் என்பது

பலரும் சப்ஜங்டிவைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. விடுப்பு விண்ணப்பம், வங்கிக்கு எழுதும் கடிதம், கூட்டத் தீர்மானம் என்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் முக்கியமான காகிதங்கள் எல்லாவற்றிலும் இது தேவைப்படுகிறது.

வேண்டுவது, வற்புறுத்துவது, பரிந்துரைப்பது, ஆணையிடுவது ஆகிய பொருளில் சில வினைகள் உண்டு: "சஜஸ்ட்", "ரெகமண்ட்", "ரிக்வெஸ்ட்", "டிமாண்ட்", "இன்ஸிஸ்ட்", "ப்ரபோஸ்", "ஆர்டர்", "ஆஸ்க்". இவற்றுக்குப் பின் "தட்" வந்து இன்னொரு வாக்கியம் தொடங்கினால், அந்த இரண்டாவது வாக்கியத்தின் வினை வெறும் வடிவத்தில் நிற்கும்.

"த டாக்டர் சஜஸ்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்." அவர் ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"ஐ ரிக்வெஸ்ட் தட் மை லீவ் பி கிராண்டட்." என் விடுப்பு அனுமதிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"தே டிமாண்டட் தட் த ரோடு பி ரிப்பேர்ட்." சாலை சீரமைக்கப்பட வேண்டும் என்று கோரினார்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் "டிமாண்டட்" இறந்தகாலம். ஆனாலும் பின்னால் வரும் வினை "வாஸ்" ஆகவில்லை, "பி" ஆகவே நிற்கிறது. முன்னால் எந்தக் காலம் வந்தாலும், நாளைக்கு என்று சொன்னாலும் நேற்று என்று சொன்னாலும், வெறும் வடிவம் அசையாது. கற்பவர்களுக்கு இது ஒரு நிம்மதி. டென்ஸ் பொருத்தம் பார்க்கும் வேலையே கிடையாது.

எதிர்மறை இன்னும் எளிது. வினைக்கு முன் ஒரு "நாட்" போடுங்கள், அவ்வளவுதான். "த டாக்டர் ரெகமண்டட் தட் ஷி நாட் டிரைவ்." "டஸின்ட்" வேண்டாம், "டிட் நாட்" வேண்டாம். முதலில் காதுக்குக் கரடுமுரடாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

வினைக்குப் பதிலாகப் பெயரடை வந்தாலும் இதே கதைதான். "இட் இஸ் இம்பார்ட்டன்ட் தட் எவ்ரி சைல்ட் பி வேக்ஸினேட்டட்." "இம்பார்ட்டன்ட்" இருக்கும் இடத்தில் "எசென்ஷியல்", "நெசசரி", "வைட்டல்" எதையும் வைக்கலாம். நம் நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறும்போது அவைத்தலைவர் படிக்கும் வாசகத்திலும் இந்த வடிவம்தான் இருக்கிறது: "தட் த பில் பி பாஸ்ட்." மசோதா இன்னும் நிறைவேறவில்லை, நிறைவேற வேண்டும் என்று அவை முடிவு செய்யப் போகிறது. எனவே "இஸ் பாஸ்ட்" அங்கே வர முடியாது.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்த இடத்தில் "ஷுட்" சேர்ப்பதும் வழக்கம்: "த டாக்டர் சஜஸ்டட் தட் ஹி ஷுட் டேக் ரெஸ்ட்." அமெரிக்க ஆங்கிலம் வெறும் வடிவத்தை அதிகம் விரும்புகிறது. இரண்டும் சரி. வெறும் வடிவம் வாயில் வரத் தயங்கினால் "ஷுட்" போட்டுப் பேசுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எழுதும்போது மட்டும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது.

இந்த இடத்தில் நம் ஊரில் மிக அதிகமாக நடக்கும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். "என்னைப் போகச் சொன்னார்" என்பதை அப்படியே மாற்றி "ஹி சஜஸ்டட் மீ டு கோ" என்று எழுதிவிடுகிறோம். "ஷி இன்ஸிஸ்டட் மீ டு ஈட்" என்றும் தினமும் கேட்கலாம். "சஜஸ்ட்", "இன்ஸிஸ்ட்", "டிமாண்ட்", "ப்ரபோஸ்" நான்குக்கும் பின்னால் "மீ டு" வராது. "ஹி சஜஸ்டட் தட் ஐ கோ", "ஷி இன்ஸிஸ்டட் தட் ஐ ஈட்" என்று "தட்" போட்டுத்தான் சொல்ல வேண்டும். "ஆஸ்க்", "ஆர்டர்", "ரிக்வெஸ்ட்", "அட்வைஸ்" ஆகியவை வேறு ரகம். அவற்றுக்கு "ஹி ஆஸ்க்ட் மீ டு கோ" என்பது சரியே.

படி 5: ஒரே வினை, இரண்டு பொருள்

சப்ஜங்டிவ் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் இரண்டு வாக்கியங்கள் இவை.

"ஹி இன்ஸிஸ்டட் தட் ஷி வாஸ் ஹானஸ்ட்."

"ஹி இன்ஸிஸ்டட் தட் ஷி பி ஹானஸ்ட்."

முதலாவதில் அவள் நேர்மையானவள் என்று அவன் அடித்துச் சொல்கிறான். அவள் மேல் நம்பிக்கை வைத்துப் பேசுகிறான். இரண்டாவதில் அவள் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறான். அங்கே நம்பிக்கை இருக்கிறதா என்பதே சந்தேகம். "வாஸ்", "பி" என்ற ஒரு சொல் மாறியதும் அவளைப் பற்றிய அபிப்பிராயமே தலைகீழாகிறது.

"சஜஸ்ட்" என்பதற்கும் இதே இரட்டை வாழ்க்கை உண்டு. "த ரிப்போர்ட் சஜஸ்ட்ஸ் தட் ஹி இஸ் ஹெல்த்தி" என்றால், அவர் ஆரோக்கியமாக இருப்பதாக அறிக்கையிலிருந்து தெரிகிறது. யாரும் எதையும் பரிந்துரைக்கவில்லை, செய்திதான். எனவே "இஸ்". ஆகவே "சஜஸ்ட்" என்ற சொல்லைப் பார்த்ததுமே கை தானாக "பி" என்று எழுதிவிடக் கூடாது. பின்னால் வருவது செய்தியா, விருப்பமா என்று ஒரு நொடி நின்று கேளுங்கள்.

படி 6: வாழ்க, ஒழிக ரகம்

முந்தைய நூற்றாண்டுகளின் ஆங்கிலத்திலிருந்து சில சப்ஜங்டிவ் தொடர்கள் உருமாறாமல் அப்படியே தங்கிவிட்டன. "காட் சேவ் த கிங்" அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது. 1745-இலிருந்து பாடப்பட்டு வரும் பிரிட்டிஷ் கீதம். எலிசபெத் அரசி 2022 செப்டம்பரில் மறைந்ததும் "குவீன்" என்ற சொல் "கிங்" ஆனது. "சேவ்" மட்டும் "சேவ்" ஆகவே இருக்கிறது. கடவுள் அரசரைக் காக்கிறார் என்று சொன்னால் "சேவ்ஸ்" வரும். இங்கே காப்பாராக என்று வேண்டுகிறார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது பழகிய இடம். வியங்கோள் வினைமுற்றுதான் இது. "கயவொடு ரவ்வொற்று ஈற்ற வியங்கோள், இயலும் இடம்பால் எங்கும் என்ப" என்கிறது நன்னூல். நான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க, அவர்கள் வாழ்க என்று எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் வடிவம் மாறாமல் வருவது வியங்கோள். ஆங்கில சப்ஜங்டிவ் "ஸ்" ஒட்டாமல் நிற்பதும் இதே மாதிரிதான். "ஐ", "யூ", "ஹி", "தே" யார் வந்தாலும் ஒரே வடிவம். "லாங் லிவ் த கிங்" என்பதற்கு நம் "நீடு வாழ்க" அச்சாகப் பொருந்துகிறது.

இந்த ரகத்தில் மீதியைச் சொல்தொடராகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இலக்கணம் பிரித்துப் பார்க்க வேண்டாம். "காட் ப்ளெஸ் யூ" என்பது ஆசி. "ஹெவன் ஃபர்பிட்" என்றால் அப்படி நடக்காமல் இருக்கட்டும். "கம் வாட் மே" என்றால் என்ன வந்தாலும் சரி. "இஃப் நீட் பி" என்றால் தேவைப்பட்டால். "ஸோ பி இட்" என்றால் அப்படியே ஆகட்டும்.

படி 7: சப்ஜங்டிவ், இரண்டாம் பாதி. இல்லாததை இருப்பதாக நினைப்பது

இப்போது "இஃப் ஐ வேர் யூ" வாக்கியத்துக்கு வருவோம். அதற்கு முன் இன்னொரு வாக்கியம்: "ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ." நீங்கள் நாளைக்கு வந்தால் எனக்கு நல்லது என்று பொருள். "கேம்" இறந்தகால வடிவம், பக்கத்திலேயே "டுமாரோ". டென்ஸ் கட்டத்தை வைத்துப் பார்த்தால் இது நடக்கவே கூடாத வாக்கியம். ஆனால் நல்ல ஆங்கிலம்.

ஆங்கிலத்தில் இறந்தகால வடிவத்துக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, நேற்றைக்குப் போவது. இன்னொன்று, நிஜத்திலிருந்து விலகிப் போவது. இப்போது நாம் பார்ப்பது இரண்டாவது வேலை.

தமிழருக்கு இது அந்நியமாகப் படத் தேவையில்லை. "வந்தால்" என்ற சொல்லைப் பாருங்கள். வந்தான், வந்தாள், வந்து என்பவற்றில் உள்ள அதே "வந்த்" தான் அதிலும் இருக்கிறது. "போனால்", "பெய்தால்", "கேட்டால்" எல்லாமே இறந்தகால அடியிலிருந்து பிறந்தவை. "நாளைக்கு மழை பெய்தால்" என்று சொல்லும்போது யாருக்கும் நேற்றைய மழை நினைவுக்கு வருவதில்லை. வடிவம் இறந்தகாலம், பொருள் அப்படி இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் தமிழில் பெரும்பாலும் ஒரே "ஆல்" போதும். "பஸ் வந்தால் போவேன்" என்றும் சொல்கிறோம், "எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்" என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. "இஃப் த பஸ் கம்ஸ், ஐ வில் கோ" என்பதில் பஸ் வரலாம், எனவே சாதாரண நிகழ்காலம். "இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை" என்பதில் சிறகு கிடையாது, எனவே இறந்தகால வடிவம். நாம் தடுமாறுவது இங்கேதான். வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே இது நடக்குமா, நடக்காதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லா வினைகளுக்கும் இறந்தகால வடிவம் போதும். "வாஸ்", "வேர்" இருக்கும் வினையில் மட்டும் எல்லோருக்கும் "வேர்" வருகிறது.

"இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் டேக் த ஜாப்." நான் நீயாக இருந்தால் அந்த வேலையில் சேர்வேன். நான் நீயாக முடியாது, எனவே "வேர்".

"ஐ விஷ் மை க்ராண்ட்மதர் வேர் ஹியர்." பாட்டி இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இல்லை என்பது தெரிந்தே சொல்வது.

"ஹி டாக்ஸ் அஸ் இஃப் ஹி வேர் தி ஓனர்." முதலாளி மாதிரி பேசுகிறார். முதலாளி அல்ல.

"இட் இஸ் டைம் வி லெஃப்ட்." நாம் கிளம்ப வேண்டிய நேரம். இன்னும் கிளம்பவில்லை.

நேற்றைக்கு நடக்காமல் போனதை நினைத்துப் பேச, இன்னும் ஒரு படி பின்னால் போய் "ஹேட்" சேர்க்க வேண்டும். "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்." தெரிந்திருந்தால் வந்திருப்பேன். தமிழில் "இருந்தால்" சேர்ந்து "தெரிந்திருந்தால்" ஆவது போலவே ஆங்கிலத்தில் "ஹேட் நோன்" ஆகிறது. இந்த ஒன்றில் இரண்டு மொழியும் ஒத்துப்போவதால், "திருந்தால்" என்று மனதில் வந்தாலே "ஹேட்" எழுதிவிடலாம்.

"வுட்" எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இஃப்" இருக்கும் பக்கத்தில் வராது, மறுபக்கத்தில்தான் வரும். "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" என்று பேச்சில் கேட்கலாம். எழுத்தில் தவிர்த்துவிடுங்கள்.

"இஃப் ஐ வாஸ் ரிச்" என்றும் ஆங்கிலேயர்கள் பேசுகிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். அன்றாடப் பேச்சில் "வாஸ்" நன்றாகவே புழங்குகிறது, அதைப் பிழை என்று அடிக்க நான் தயாரில்லை. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் "வேர்" எழுதுங்கள். இன்னொரு செய்தி: ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002-இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் இந்த "வேர்" வடிவத்தை சப்ஜங்டிவில் சேர்ப்பதில்லை, "இர்ரியாலிஸ்" என்று தனிப் பெயர் கொடுக்கிறது. பெயர் எதுவானாலும் பயன்படுத்தும் முறை ஒன்றே.

படி 8: "வேர்" வரக்கூடாத இடங்கள்

விதியைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் "இஃப்" பார்த்த இடமெல்லாம் "வேர்" போடுகிறவர்கள் உண்டு. இரண்டு இடங்களில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"இஃப் ஹி வாஸ் அட் த மீட்டிங் எஸ்டர்டே, ஹி நோஸ் தி ஆன்சர்." நேற்று கூட்டத்துக்கு அவர் வந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கலாம். இது கற்பனை அல்ல, நேற்றைய செய்தி பற்றிய ஐயம். எனவே "வாஸ்"தான் சரி.

"ஷி ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ரெடி." இந்த "இஃப்" ஒரு நிபந்தனையே இல்லை. தயாரா என்று கேட்டாள், அந்த "ஆ" தான் இங்கே "இஃப்" ஆகியிருக்கிறது. "வெதர்" என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் "வேர்" தேவையில்லை.

படி 9: "இஃப்" இல்லாத "இஃப்"

இதை எழுதப் பழகுவதற்கு அவசரமில்லை, படித்தால் புரிந்தால் போதும். "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்." "வேர் ஐ த மினிஸ்டர், ஐ வுட் ரிசைன்." "ஷுட் யூ நீட் ஹெல்ப், கால் அஸ்." வினை முன்னால் வந்துவிட்டதால் கேள்வி போலத் தெரியும். கேள்விக்குறி இருக்காது. "இஃப்" சேர்த்து வரிசையை மாற்றினால் பழைய வாக்கியம் கிடைத்துவிடும்.

படி 10: கையில் எழுதிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றுக்குப் பதிலை மறைத்துவைத்துக்கொண்டு முயலுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: செய்தியா, ஏவலா, விருப்பமா, கற்பனையா?

"த ப்ரின்சிபல் ஆர்டர்ட் தட் த கேட் (இஸ், பி, வாஸ்) க்ளோஸ்ட்." ஆணை, எனவே விருப்பம். "பி".

"ஐ விஷ் ஐ (நோ, நியூ) ஃப்ரெஞ்ச்." எனக்கு ஃப்ரெஞ்ச் தெரியாது. "நியூ".

"எவ்ரிபடி (ஸ்டாண்ட், ஸ்டாண்ட்ஸ்) அப்!" எதிரே இருப்பவர்களை ஏவுகிறோம். "ஸ்டாண்ட்".

"தி எவிடன்ஸ் சஜஸ்ட்ஸ் தட் ஷி (இஸ், பி) இன்னசன்ட்." சாட்சியத்திலிருந்து தெரியவருவது, எனவே செய்தி. "இஸ்".

"இட் இஸ் எசென்ஷியல் தட் த பேஷண்ட் (டஸ் நாட் ஈட், நாட் ஈட்) பிஃபோர் த டெஸ்ட்." சாப்பிடக் கூடாது என்பது மருத்துவர் விதிப்பது. "நாட் ஈட்".

"ஐ டோன்ட் நோ இஃப் ஹி (வாஸ், வேர்) தேர் லாஸ்ட் நைட்." "வெதர்" வைத்துப் பார்த்தாலும் பொருள் நிற்கிறது. "வாஸ்".

"த வாட்ச்மேன் இன்ஸிஸ்டட் தட் த டோர் (வாஸ், பி) லாக்ட்." இதற்கு இரண்டு பதிலும் சரி. "வாஸ்" போட்டால் கதவு பூட்டித்தான் இருந்தது என்று காவலாளி சாதிக்கிறார், ஒருவேளை அங்கே திருட்டு போயிருக்கலாம். "பி" போட்டால் கதவைப் பூட்டியே ஆக வேண்டும் என்கிறார், இன்னும் எதுவும் போகவில்லை. எது நடந்தது என்பதை முடிவு செய்துகொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.